ஆசாரியர் என்றால் வாத்தியார் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் கிறிஸ்துவின் ஆசாரியத்துவம் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன், முதல் தடவை சந்தோஷமாக, இரண்டாவது தடவை கையில் பேனாவோடு. இந்த மாதிரி விஷயத்துக்கு ஒரு பொதுப் பத்திரிகை முக்கால் பக்கம் ஒதுக்குவதே பெரிது, அதற்கு முதலில் நன்றி. ஆனால் கட்டுரையாளர் முதல் பத்தியிலேயே தடம் மாறிவிட்டார், அப்புறம் கடைசிவரை அந்தத் தடத்திலேயே போகிறார். கிறிஸ்து மகா ஆசாரியர் என்றால் மனிதர்களுக்கு வாழும் வழியைச் சொல்லிக்கொடுத்த பெரிய ஆசான் என்று அர்த்தமாம், மலைப்பிரசங்கம்தான் அந்தப் பணியின் உச்சமாம். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் போதகர் இல்லை, இறையியல் கல்லூரிப் பக்கம் போனவனும் இல்லை, பல வருஷமாக ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவன், அவ்வளவுதான். என் வகுப்புப் பிள்ளைகளும் இதே தவறைச் செய்வார்கள் என்பதால் இது எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும்.

நம் மொழியிலிருந்துதான் வருகிறது. புரொட்டஸ்டன்ட் வேதாகமத்தில் 'ஆசாரியன்' என்று இருக்கும், கத்தோலிக்கர் வழக்கில் 'குரு'. இரண்டுமே தமிழ்க் காதுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பவரைத்தான் நினைவுபடுத்தும். ஆனால் எபிரேயத்தில் 'கோஹேன்' என்றும் கிரேக்கத்தில் 'ஹியரெயுஸ்' என்றும் சொல்வது பலிபீடத்தண்டையில் நிற்கிற ஆளை. லீஸ்திரா ஊரில் பவுலையும் பர்னபாவையும் தெய்வங்கள் என்று நினைத்துக்கொண்டு எருதுகளோடும் பூமாலைகளோடும் ஒருவன் ஓடி வருகிறானே, அப்போஸ்தலர் நடபடிகள் 14-ஆம் அதிகாரத்தில், அவனுக்கும் கிரேக்கத்தில் இதே சொல்தான். அங்கே மட்டும் நம் பழைய மொழிபெயர்ப்பு 'கோவில் பூசாரி' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறது. ஏன் பிரித்து எழுதினார்கள் என்று ஊகிக்க முடிகிறது, குறை சொல்லவும் மனசில்லை. ஆனால் பூசாரி என்றால் பலி ஞாபகம் வருகிறது, ஆசாரியர் என்றால் கரும்பலகை ஞாபகம் வருகிறது, உங்கள் கட்டுரையாளர் அந்தக் கரும்பலகையைப் பிடித்துக்கொண்டார்.

பழைய ஏற்பாட்டு ஆசாரியர்களுக்குக் கற்பிக்கும் வேலையும் இருந்தது, மல்கியா 2-ஆம் அதிகாரம் அதைச் சொல்கிறது, மறுக்கவில்லை. இருந்தாலும் புதிய ஏற்பாட்டின் எபிரெயர் நிருபம் 5-ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்தில் பிரதான ஆசாரியன் யார் என்று சொல்லும்போது கற்பிப்பதைப் பற்றிப் பேச்சே இல்லை. மனிதரிலிருந்து எடுக்கப்பட்டு, மனிதருக்காக, கடவுள் சம்பந்தமான காரியத்துக்கு நிறுத்தப்படுகிறவன், காணிக்கையும் பலியும் செலுத்துகிறவன், அவ்வளவுதான். பிள்ளைகளுக்கு நான் சொல்வது இப்படி: தீர்க்கதரிசி கடவுளிடமிருந்து வந்து ஜனங்களைப் பார்த்துப் பேசுவார், ஆசாரியர் ஜனங்களிடமிருந்து கிளம்பிக் கடவுளைப் பார்த்து நடப்பார். தீர்க்கதரிசி, ஆசாரியர், ராஜா என்று கிறிஸ்துவின் பணியை மூன்றாகச் சொல்வது பழைய வழக்கம், நாலாம் நூற்றாண்டுச் சபைச் சரித்திரக்காரர் யூசேபியுவின் எழுத்திலேயே இருக்கிறது, புரொட்டஸ்டன்ட் சீர்திருத்தவாதி கால்வின் 1559-இல் அதை ஒரு முழு அதிகாரமாக விரித்து எழுதினார். அந்தக் கணக்கில் மலைப்பிரசங்கம் தீர்க்கதரிசியின் பக்கத்தில்தான் வரும்.

ஆசாரியர் நடந்து போவது என்றேன். வெறுங்கையோடு போகவில்லை. யாத்திராகமம் 28-ஆம் அதிகாரத்தை உடை அலங்காரம் என்று நினைத்து எல்லோரும் புரட்டிக்கொண்டு போய்விடுவார்கள், கொஞ்சம் நின்று படித்தால் அங்கே ஒரு விஷயம் இருக்கிறது. ஏபோத் என்கிற மேலாடையின் இரண்டு தோள்களிலும் இரண்டு கோமேதகக் கற்கள், ஒவ்வொன்றிலும் ஆறு கோத்திரத்தின் பேர், பிறந்த வரிசைப்படி, முத்திரை வெட்டுவது மாதிரி வெட்டியிருக்க வேண்டும். மார்ப்பதக்கத்தில் 12 கற்கள், அதிலும் அதே பேர்கள், கல்லுக்கு ஒன்றாக. ஒரே பேர்ப் பட்டியல் எதற்கு இரண்டு இடத்தில்? தோளில் இருப்பது பாரம், நெஞ்சில் இருப்பது பாசம் என்று நான் எடுத்துக்கொள்கிறேன், தப்பென்றால் அறிந்தவர்கள் திருத்தட்டும். எப்படியானாலும் உள்ளே போகிறவர் தனக்காக மட்டும் போகவில்லை, ஒரு ஜனத்தையே உடம்பில் சுமந்துகொண்டு போகிறார். ஒரு வாத்தியாருக்கு இந்தச் சட்டை எதற்கு?

இங்கே கட்டுரையோடு வந்த படத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆலயத்தின் உள்ளறையான மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் ஆசாரியர் நிற்கிறார், அங்கியின் ஓரத்தில் பொன்மணிகள், காலில் ஒரு கயிறு, கயிற்றின் நுனி திரைக்கு வெளியே. உள்ளே அவர் செத்துப்போனால் மணிச்சத்தம் நின்றுவிடும், வெளியே இருப்பவர்கள் கயிற்றைப் பிடித்து இழுத்துவிடுவார்கள் என்று விளக்கம் வேறு. இந்தக் கதையைப் பிரசங்கங்களில் நானும் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன், வெட்கத்தோடு ஒத்துக்கொள்கிறேன், நானே வகுப்பில் சொல்லியும் இருக்கிறேன். வேதாகமத்தில் கயிறு கிடையாது. வருஷத்துக்கு ஒரு நாள் அவர் அங்கே நுழைகிற பாவநிவாரண நாளின் சடங்கை நிமிஷத்துக்கு நிமிஷம் சொல்கிற, யூத ரபிகளின் பழைய சட்டத்தொகுப்பான மிஷ்னாவிலும் கிடையாது, இது ரொம்பப் பிற்காலத்துக் கதை. அதைவிட முக்கியம், அந்த நாளில் மணி வைத்த அங்கியோடு அவர் உள்ளே போவதே இல்லை. லேவியராகமம் 16-ஆம் அதிகாரம் 4-ஆம் வசனத்தைப் பாருங்கள்: சணல்நூல் சட்டை, சணல்நூல் இடைக்கச்சை, சணல்நூல் பாகை. பொன்னையும் கல்லையும் மணியையும் எல்லாம் கழற்றி வைத்துவிட்டு, குளித்துவிட்டு, ஒரு சாதாரண ஆள் மாதிரிதான் திரைக்கு உள்ளே போக வேண்டும். வருஷம் முழுவதும் ராஜா மாதிரி உடுத்துகிறவர் அந்த ஒரு நாளில், அந்த ஒரு வேலைக்கு, வேலைக்காரன் மாதிரி போகிறார். கிறிஸ்து தம்மைத் தாழ்த்தினதைப் பற்றிப் பேச இதைவிட நல்ல படம் கிடைக்குமா? கையில் இருந்ததை விட்டுவிட்டு உங்கள் ஓவியர் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். பயம் இருந்தது நிஜம்தான். மிஷ்னா சொல்கிறது, வெளியே வந்ததும் ஆசாரியர் சின்னதாக ஒரு ஜெபம் செய்வார், நீட்ட மாட்டார், நீட்டினால் வெளியே காத்திருக்கிற ஜனம் பயந்துவிடும் என்று. கயிற்றுக்கதையைவிட எனக்கு இந்த ஒரு வரி பெரிதாகப் படுகிறது.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன், கட்டுரை இதைத் தொடவே இல்லை. மோசேயின் சட்டப்படி இயேசு ஆசாரியராகவே முடியாது. ஆசாரியர் ஆரோன் வம்சத்தில் பிறக்க வேண்டும், அது லேவி கோத்திரம், இயேசுவோ யூதா கோத்திரம். எபிரெயர் நிருபத்தை எழுதியவர் இதை மூடி மறைக்கவில்லை. அந்தக் கோத்திரத்தைப் பற்றி மோசே ஆசாரியத்துவம் குறித்து ஒன்றுமே சொல்லவில்லை என்று 7-ஆம் அதிகாரத்தில் பளிச்சென்று எழுதுகிறார், இன்னும் ஒரு படி மேலே போய், பூமியில் இருந்தால் அவர் ஆசாரியராகவே இருக்க மாட்டார் என்று 8-ஆம் அதிகாரத்தில் போட்டு உடைக்கிறார். சுவிசேஷங்களைப் பார்த்தாலும் அப்படித்தான். தேவாலயத்தின் பிராகாரங்களில் அவர் நடக்கிறார், போதிக்கிறார், மேஜைகளைக் கவிழ்க்கிறார், ஆனால் ஆசாரியர் மட்டும் நுழைகிற இடத்தில் ஒரு தடவைகூடக் கால் வைத்ததாக இல்லை. குஷ்டரோகியைச் சுகமாக்கிவிட்டு, போய் ஆசாரியனுக்கு உன்னைக் காண்பி என்றுதான் அனுப்புகிறார்.

ராஜாவின் வம்சம் என்பதற்காக விதிவிலக்கும் கிடையாது. யூதா கோத்திரத்து ராஜா உசியா தூபம் காட்டுகிறேன் என்று ஆலயத்துக்குள் போனான். அசரியா என்ற ஆசாரியனும் அவனோடு 80 பேரும் பின்னாலேயே போய், இது உமக்கு அடுத்ததல்ல, வெளியே போம் என்று தடுத்தார்கள். அவன் கோபப்பட்ட அந்த நேரத்தில், தூபகலசம் கையில் இருக்கும்போதே, நெற்றியில் குஷ்டம் வந்தது. நெற்றி என்பதைக் கவனியுங்கள், 'கர்த்தருக்குப் பரிசுத்தம்' என்று வெட்டிய பொற்பட்டத்தைப் பிரதான ஆசாரியர் கட்டிக்கொள்கிற இடம் அது. சாகிற நாள்வரை அவன் தனி வீட்டில் இருந்தான். ராஜாவையும் ஆசாரியரையும் பிரிக்கிற கோடு அவ்வளவு அழுத்தமானது.

அந்தக் கோட்டைத் தாண்டுகிற ஒரே ஆள் மெல்கிசேதேக்கு. ஆதியாகமம் 14-இல் மூன்றே வசனம்: சாலேமின் ராஜா, உன்னதமான தேவனுடைய ஆசாரியன், அப்பமும் திராட்சரசமும் கொண்டுவந்தான், ஆபிராமை ஆசீர்வதித்தான், தசமபாகம் வாங்கிக்கொண்டான், போய்விட்டான். அப்புறம் சங்கீதம் 110-இல் ஒரு வரி, நீர் மெல்கிசேதேக்கின் முறைமையின்படி என்றென்றைக்கும் ஆசாரியர் என்று கர்த்தர் ஆணையிட்டார் என்று. பழைய ஏற்பாட்டில் மொத்தமே இவ்வளவுதான். அவனுக்கு அப்பா பேர் இல்லை, அம்மா பேர் இல்லை, பிறந்ததும் செத்ததும் எழுதப்படவில்லை. ஆதியாகமம் மாதிரி வம்ச அட்டவணையாகவே நகர்கிற ஒரு புஸ்தகத்தில் இது எவ்வளவு பெரிய வெற்றிடம் என்று யோசித்துப் பாருங்கள். எஸ்றா 2-ஆம் அதிகாரத்தில், சிறையிருப்பிலிருந்து திரும்பி வந்த சில ஆசாரியக் குடும்பங்கள் தங்கள் வம்ச அட்டவணையைத் தேடித் தேடிப் பார்க்கிறார்கள், கிடைக்கவில்லை, பேர் இல்லையா, வேலை இல்லை என்று ஆசாரிய ஊழியத்திலிருந்து தள்ளிவிடுகிறார்கள். அங்கே அட்டவணை தொலைந்தவனுக்கு வேலை போகிறது, இங்கே அட்டவணையே இல்லாத ஒருவனிடம் ஆபிரகாம் தலை குனிந்து நிற்கிறார். எபிரெயர் நிருபம் இந்த இடத்தைத்தான் பிடித்துக்கொள்கிறது. லேவி ஆசாரியத்துவம் வம்சத்தால் வந்தது, ஒருவர் சாகச் சாக இன்னொருவர் வர வேண்டும். கிறிஸ்துவுடையது ஆணையாலும் அழியாத ஜீவனாலும் வந்தது, அதனால் அடுத்த ஆள் தேவைப்படாது.

மெல்கிசேதேக்கை இப்படி யோசித்தது கிறிஸ்தவர்கள் மட்டும் என்று நினைக்க வேண்டாம். சவக்கடல் ஓரத்துக் கும்ரானில் 11-ஆம் குகை 1956-இல் கிடைத்தது, அதில் இருந்த ஒரு சுருளின் துண்டுகளில் மெல்கிசேதேக்கு வானத்திலிருந்து நியாயந்தீர்க்க வருகிறவராக, பத்தாவது யூபிலி என்ற காலச்சுற்றின் முடிவில், அதுவும் பாவநிவாரண நாளில், சிறைப்பட்டவர்களை விடுவிக்கிறவராக வருகிறார். அந்தச் சுருள்களை வைத்திருந்த யூதச் சமூகம் ஆரோனின் மேசியா, இஸ்ரவேலின் மேசியா என்று இரண்டு பேருக்குக் காத்திருந்தது, ஆசாரியர் ஒருவர், ராஜா ஒருவர். உசியாவின் கதையைப் படித்தவர்களுக்கு அந்த இரட்டை எதிர்பார்ப்பு ஆச்சரியமாக இருக்காது. இரண்டும் ஒரே ஆளிடம் சேரும் என்று எபிரெயர் நிருபம் சொன்னபோது அந்தக் காலத்து யூதக் காதுக்கு எவ்வளவு துணிச்சலாகக் கேட்டிருக்கும்!

இன்னொரு இடம். 'பாடுகளினாலே பூரணப்படுத்தினார்' என்று எபிரெயரில் வருவதை வைத்து, இயேசுவிடம் ஏதோ குறை இருந்து கஷ்டப்பட்டுத் தேறினார் என்கிற மாதிரி கட்டுரையில் ஒரு வாக்கியம் இருந்தது. ஆசாரியரைப் பிரதிஷ்டை பண்ணுவதற்கு எபிரேயத்தில் இருக்கிற சொல்வழக்கு 'கையை நிரப்புதல்'. யாத்திராகமம் 29-இல் அதை அப்படியே செய்தும் காட்டுகிறார்கள், ஆட்டுக்கடாவின் கொழுப்பையும் அப்பத்தையும் ஆரோனின் உள்ளங்கையில் வைக்கிறார்கள். அந்தச் சொல்வழக்கைப் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு 'கையைப் பூரணப்படுத்துதல்' என்று எழுதியது, எபிரெயர் நிருபம் பயன்படுத்துவது அந்த வினைச்சொல்லைத்தான். அப்படியானால் பாடுகள் அவருக்குப் பரீட்சை இல்லை, பட்டாபிஷேகம். அவர் கையில் வைக்கப்பட்டது என்ன? பலத்த சத்தமும் கண்ணீரும் என்று 5-ஆம் அதிகாரம் சொல்கிறது. கெத்செமனேயில் தரையில் விழுந்து கிடந்தவரை ஆசாரியராக அபிஷேகம் ஆகிக்கொண்டிருப்பவர் என்று ஒரு தடவை பார்த்துவிட்டால் அப்புறம் அந்தப் பகுதியைப் பழைய மாதிரி வாசிக்க முடியாது, என்னால் முடியவில்லை.

இப்போது நாற்காலி. ஒரு தடவை வகுப்பில், வனாந்தரத்தில் இஸ்ரவேலர் வழிபட்ட ஆசரிப்புக் கூடாரத்தை அட்டையில் செய்து கொண்டுவரச் சொன்னேன். ஒரு சின்னப் பெண் தீக்குச்சித் தூண், ஜரிகைத்தாள் ஒட்டின பெட்டி, மேஜை, குத்துவிளக்கு என்று எல்லாம் சரியாகச் செய்து, ஒரு மூலையில் தீப்பெட்டியில் குட்டியாக ஒரு நாற்காலியும் வைத்திருந்தாள். இது எதுக்கும்மா என்றேன். நாள் பூரா நிக்கிறாரே, கால் வலிக்கும்ல என்றாள். வீட்டுக்குப் போய் அளவுகள், சாமான்கள் எல்லாவற்றையும் மறுபடி பார்த்தேன். வெண்கலத் தொட்டி இருக்கிறது, பலிபீடம் இருக்கிறது, தூபபீடம் இருக்கிறது, ஆசாரியர் உட்கார ஒரு முக்காலிகூட இல்லை. கிருபாசனம் என்ற பேரில் ஆசனம் இருக்கிறதே என்றால், அது உடன்படிக்கைப் பெட்டியின் மூடி, மனுஷன் உட்காருகிற இடம் இல்லை. ஏலி ஆசனத்தில் உட்கார்ந்திருந்தாரே என்று கேட்பவர்களும் உண்டு, அது சீலோவில் வாசல் நிலைக்குப் பக்கத்தில், கடைசியில் ஓர் ஆசனத்திலிருந்துதான் மல்லாக்க விழுந்து கழுத்து முறிந்து செத்தார். எபிரெயர் 10-இல் எந்த ஆசாரியனும் நாள்தோறும் ஒரே விதமான பலிகளைச் செலுத்திக்கொண்டு 'நிற்பான்', கிறிஸ்துவோ ஒரே பலியைச் செலுத்தி 'உட்கார்ந்தார்'. வேலை முடிந்தவர் உட்காருகிறார். முதல் இரத்தசாட்சியான ஸ்தேவான் மட்டும் சாகும்போது கிறிஸ்து நிற்பதைப் பார்த்தான், அதற்கு ஆளாளுக்கு ஒரு விளக்கம் சொல்வார்கள், தன் சாட்சியைப் பார்த்து எழுந்து நின்றார் என்பது எனக்குப் பிடித்தது.

அதனால்தான், பிதாவின் முன் இன்னும் முழங்காலில் நின்று நமக்காகக் கெஞ்சிக்கொண்டிருக்கிறார் என்று கட்டுரை முடிந்தது எனக்கு உறுத்தியது. வேண்டுதல் செய்ய எப்போதும் உயிரோடிருக்கிறார் என்று 7-ஆம் அதிகாரம் சொல்வது உண்மை. ஆனால் உட்கார்ந்திருப்பவர் கெஞ்சுகிறவர் இல்லை. அவர் மண்டியிட்டு மன்றாடுவதாகக் கற்பனை செய்யக் கூடாது என்று கால்வினே எழுதியிருக்கிறார். கோபக்கார அப்பாவைச் சமாதானப்படுத்துகிற பிள்ளை மாதிரியான படம் அது, அப்படி ஒரு படம் இந்த நிருபத்தில் எங்கேயும் இல்லை. அந்த வேண்டுதல் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமானால் லூக்கா 22-ஐப் படிக்கலாம். சீமோனே, சீமோனே என்று இரண்டு தடவை கூப்பிட்டு, உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன் என்கிறார். நீ விழாமல் இருக்க வேண்டிக்கொண்டேன் என்று சொல்லவில்லை. பேதுரு விழத்தான் செய்தான், அதே ராத்திரியில், சேவல் கூவுவதற்குள் மூன்று தடவை. அவன் கேட்கிறதற்கு முன்னாலேயே, விழுகிறதற்கு முன்னாலேயே, வேண்டுதல் முடிந்திருந்தது.

சபைப் பிரிவுகளைப் பற்றிச் சுருக்கமாக. கத்தோலிக்கர் ஒவ்வொரு திருப்பலியிலும் கிறிஸ்துவை மறுபடி பலியிடுவதாக நம்புகிறார்கள் என்று கட்டுரையில் இருக்கிறது. நான் புரொட்டஸ்டன்ட், ஆனாலும் அது நியாயமில்லை. கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து சங்கம் 1562-இல் சொன்னது பலியாகிறவரும் செலுத்துகிறவரும் அதே கிறிஸ்துதான், செலுத்தும் விதம்தான் வேறு என்று. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் குருக்களின் பணிக்குருத்துவமும் விசுவாசிகள் எல்லோருக்கும் உள்ள பொதுக்குருத்துவமும் தன்மையிலேயே வேறுபட்டவை, ஆனால் இரண்டும் கிறிஸ்துவின் ஒரே குருத்துவத்தில் பங்கு என்றது. அந்த வேறுபாட்டை நான் ஏற்கவில்லை. புதிய ஏற்பாட்டில் சபை ஊழியர் யாரையும் ஹியரெயுஸ் என்று அழைத்ததே இல்லை, மூப்பர், கண்காணி என்றுதான் அழைக்கிறது, ஆசாரியக்கூட்டம் என்று 1 பேதுரு சொல்வது எல்லா விசுவாசிகளையும். 1520-இல் லூத்தர் ஞானஸ்நானம் பெற்ற எல்லோரும் ஆசாரியர் என்று எழுதியது இதை வைத்துத்தான். ஆனால் ஏற்கவில்லை என்பதற்காக ஒன்றைத் திரித்துச் சொல்லக் கூடாது. கிழக்குத் திருச்சபைகளில் கிறிசோஸ்தோம் பேரில் வழங்கும் வழிபாட்டில் குருவானவர் பீடத்தண்டையில் நின்று கிறிஸ்துவைப் பார்த்து, செலுத்துகிறவரும் நீரே, செலுத்தப்படுகிறவரும் நீரே என்று சொல்கிறார். அதைச் சொல்ல எந்தப் பிரிவினருக்கும் வாய் கூசாது என்று நினைக்கிறேன்.

கடிதம் நீண்டுவிட்டது, வெட்ட வேண்டுமானால் சபைப் பிரிவுப் பத்தியை வெட்டிக்கொள்ளுங்கள், மெல்கிசேதேக்கைத் தொடாதீர்கள். அந்தப் படத்தை மறுபடி எங்கேயாவது போடுவதாக இருந்தால் ஓவியரிடம் சொல்லி மணிகளை எடுத்துவிட்டு வெள்ளைச் சட்டை போடச் சொல்லுங்கள், கயிற்றையும் அழித்துவிடலாம்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்